எந்த விரல்

காலை எட்டேகாலுக்கு மின்விசிறியை நிறுத்திவிடுவார்கள்.

அதுவரை ஓடும். அறையைக் கூட்டி, விரிப்பைப் போட்டு, முந்தின நாள் வெட்டிவைத்த தோல் துண்டுகளைப் பிரித்து அடுக்கும்வரை ஓடும். பசை டின்னைத் திறப்பதற்கு முன் யாராவது ஒருத்தி எழுந்து சுவிட்சைத் தட்டுவாள். காற்றுப் பட்டால் பசை ஆடை கட்டிவிடும், பால் மேல் கட்டுவதுபோல. மேலே காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே ஈரம் நிற்கும். அப்படி ஒட்டிய பை கடைக்குப் போன மூன்றாம் நாள் வாயைப் பிளந்துகொண்டு திரும்பி வரும். யார் ஒட்டியது என்று மேஸ்திரி கேட்பார். ஒட்டுகிறவர்கள் நான்கு பெண்கள்தான். பொய் சொல்லவும் வழியில்லை.

பட்டறை என்பது முதல் மாடியில் ஒரே அறை. நான்கு பேரும் தரையில் உட்கார்ந்து ஒட்டினார்கள். தோலின் உள்பக்கம் பசை தடவிப் பன்னிரண்டு துண்டுகளை முன்னால் பரப்ப வேண்டும். பன்னிரண்டாவதைத் தடவி முடிக்கும்போது முதல் துண்டு விரலில் ஒட்டாத பதத்துக்கு வந்திருக்கும். அதன்மேல் உள்துணியை வைத்து, விளிம்பை மடித்து, சின்னச் சுத்தியலால் தட்ட வேண்டும். விளிம்பு யாருக்கும் வரும். மூலைதான் கஷ்டம். அங்கே தோல் சுருங்கிக் குவியும். அதை நகத்தால் பிரித்து மயிரிழை மடிப்புகளாக அமுக்க வேண்டும். தடவிப் பார்த்தால் மேடு தெரியக் கூடாது. நான்கு பேரில் ஒருத்திக்குத்தான் அது வந்தது. அவளை மூலைக்காரி என்று கூப்பிட்டார்கள். அந்தப் பெயர் வீடுவரை வந்துவிட்டது. அவள் கணவன் பள்ளிக்கூட வேன் ஓட்டினான். அவள் கோபமாக இருக்கும் நாட்களில், இன்றைக்கு எந்த மூலையில் உட்கார்ந்திருக்கிறாய் என்று கேட்டுக்கொண்டே உள்ளே வருவான்.

பசை கெட்டியானால் தின்னர் ஊற்றி இளக்குவார்கள். முன்பு வந்த தின்னர் மூக்கை அடைக்கும். பதினொரு மணிக்கெல்லாம் நெற்றிப்பொட்டில் வலி தொடங்கிவிடும். அதனால் தூசி வந்தாலும் பரவாயில்லை என்று இரண்டு ஜன்னல்களையும் திறந்தே வைத்திருந்தார்கள். மழை தொடங்கிய சமயத்தில் முதலாளி வேறு தின்னர் வரவழைத்தார். நீல நிறக் கேனில் வந்தது. தண்ணீர்போல் தெளிவாக இருந்தது. பெட்ரோல் பங்க்கைத் தாண்டிப் போகும்போது வருகிற வாசனை, அதிலும் பாதிதான். தலை வலிக்கவில்லை. சீக்கிரமாகவும் காய்ந்தது. அந்த அறையில் வேலை நேரம் முழுக்கப் பாடிக்கொண்டிருக்கும் ஒருத்தி உண்டு. அவள் கேன் மூடியை முகர்ந்து பார்த்துவிட்டு, இதைக் கண்டுபிடித்தவன் நன்றாக இருக்கட்டும் என்று வாழ்த்தினாள்.

சாரல் பட்டால் தோலில் கறை விழும். தலைதான் வலிக்கவில்லையே என்று ஜன்னல்களைச் சாத்தினார்கள். விரலில் ஒட்டிய பசையைச் சோப்புப் போட்டுக் கழுவினால் அரை மணி நேரம் ஆகும். அந்தத் தின்னரில் துணியை நனைத்துத் துடைத்தால் அரை நிமிடம். மாலையில் நான்கு பேரும் ஒரே துணியைக் கைமாற்றிக்கொண்டார்கள்.

மேஸ்திரி அக்கறை இல்லாதவர் அல்ல. தினமும் வாசலில் நின்று தீப்பெட்டி இருக்கிறதா என்று கேட்பார். தேநீர் அடுப்பைப் படிக்குக் கீழே, தெருவில்தான் வைக்க விட்டார். தீ ஒன்றுதான் அவருக்குத் தெரிந்த ஆபத்து. பதினொரு வருடமாக அதை அவர் மாடி ஏற விடவில்லை.

*

வீட்டில் மூன்று பேர். வேன்காரன், மூலைக்காரி, வேன்காரனின் அக்கா. அக்கா தன் கணவர் இறந்த பிறகு வந்தவள். துணி வெளுக்கும் பெரிய கடையில் வேலை பார்த்தாள். தண்ணீர் படக்கூடாத கோட்டுகளையும் பட்டுத்துணிகளையும் ஒரு திரவத்தில் போட்டுச் சுற்றும் மிஷின் அங்கே உண்டு. அதிலிருந்து எடுத்து, உதறி, தேய்த்து மடிப்பது அவள் பொறுப்பு.

மூலைக்காரி அவளை அண்ணி என்று கூப்பிட்டாள். இருவருக்கும் சண்டை கிடையாது, பேச்சும் அதிகம் கிடையாது. கரண்டிகளை எங்கே வைப்பது, குழாயை எவ்வளவு இறுக்கி மூடுவது என்பதில் இருவருக்கும் வேறு வேறு எண்ணம் இருந்தது. அண்ணி கண்ணில் பட்டதைச் சொல்லிவிடுவாள். மூலைக்காரி சொல்லாமல் பாத்திரத்தைச் சத்தமாக வைப்பாள்.

ஒரு மாலை மூலைக்காரி ஒற்றைச் செருப்போடு வந்தாள்.

"என்னம்மா, இன்னொண்ணு அடுத்த பஸ்ல வருதா?" என்றாள் அண்ணி.

வேன்காரன் சிரித்தான். மூலைக்காரி குனிந்து பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. சிரிக்கிறவர்கள் முன்னால் அதை ஒப்புக்கொள்ளப் பிடிக்காமல், வார் அறுந்துவிட்டது, தூக்கிப் போட்டுவிட்டேன் என்றாள். அண்ணி மிச்சச் செருப்பை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். வாங்கி இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டாள். அவள் எதையும் சொல்லாமல் விட்டது அதுதான் முதல் தடவை.

அதற்குப் பிறகு சின்னச் சின்னதாக நடந்தது. ரவிக்கைக் கொக்கி மாட்ட நேரம் எடுத்தது. கையில் இருக்கிறது என்று நினைத்த ஊசி கையில் இல்லை. பட்டறையில் அவள் ஒட்டிய பையை மேஸ்திரி கட்டைவிரலால் தடவினார், மறுபடி தடவினார், அவளைப் பார்த்தார். மூலையில் மேடு இருந்தது. களைப்பு என்று அவள் சொன்னாள். அப்படித்தான் நம்பவும் செய்தாள்.

ஒரு ஞாயிறு காலை அண்ணி குளித்துவிட்டு வந்தபோது தரையில் சிவப்புப் பொட்டுகளைப் பார்த்தாள். வாசலிலிருந்து சமையலறைவரை, ஓர் எட்டுக்கு ஒன்றாக, ஒரே அளவில் போயின. முந்தின நாள் வாசலில் ஒரு கண்ணாடி டம்ளர் உடைந்திருந்தது. மூலைக்காரி அடுப்பில் முட்டை பொரித்துக்கொண்டிருந்தாள்.

"காலைத் தூக்கு."

"எதுக்கு அண்ணி?"

"தூக்குன்னா தூக்கு."

குதிகாலில் விரல்நகம் அளவுக்குக் கண்ணாடி ஏறியிருந்தது. அண்ணி உட்கார்ந்து அதைப் பிடுங்கினாள். மூலைக்காரி முட்டையைத் திருப்பிப் போட்டாள். பிடுங்கினதே அவளுக்குத் தெரியவில்லை. ரத்தத்தைக் காட்டிய பிறகுதான் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

அண்ணி அடுப்பை அணைத்தாள். எவ்வளவு நாளாக என்று கேட்டாள். மூலைக்காரி எல்லாவற்றையும் சொன்னாள். செருப்பையும் சொன்னாள். பஸ்ஸிலா, படியிலா, தெருவிலா, எங்கே கழன்றது என்றே தெரியாது என்று சொன்னபோது அழுதுவிட்டாள். வேன்காரன் வாசலில் குந்தி, மிச்சக் கண்ணாடித் துண்டுகளை ஈரத் துணியால் ஒற்றி எடுத்தான். ஒவ்வொரு துண்டையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான்.

அந்தத் துண்டு ஏறியது நல்லதாகப் போயிற்று என்று மூலைக்காரி பின்னாளில் பலரிடம் சொன்னாள். இல்லாவிட்டால் இன்னும் எத்தனை மாதம் களைப்பு என்று சொல்லியிருப்பாளோ.

*

சர்க்கரை நோயாக இருக்கும் என்றார்கள். சோதித்தார்கள், இல்லை. சத்து மாத்திரை கொடுத்தார்கள், சாப்பிட்டாள். அண்ணிக்கு மனசு ஆறவில்லை. ஒரு நாள் கடையில் விடுப்பு எடுத்துக்கொண்டு, மறந்து வைத்துவிட்டுப் போன சாப்பாடு என்று ஒரு டப்பாவைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்குப் போனாள். மூலைக்காரியின் சாப்பாடு ஏற்கனவே அங்கேதான் இருந்தது.

கதவைத் திறந்ததும் அண்ணி நின்றுவிட்டாள். ஜன்னல் சாத்தியிருந்தது. விசிறி நின்றிருந்தது. நான்கு பேரும் தரையில் இருந்தார்கள்.

அவள் கடையில் மிஷினைச் சுற்றி யாரும் தரையில் உட்காரக் கூடாது. பொத்தான் கீழே விழுந்தால்கூடக் குனிந்து தேடக் கூடாது, மிஷினை நிறுத்திக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் எடுக்க வேண்டும். அந்தத் திரவத்தின் ஆவி காற்றைவிடக் கனமானது, கண்ணுக்குத் தெரியாத தண்ணீர் மாதிரி தரையில் தேங்கி நிற்கும் என்று சுவரில் எழுதி ஒட்டியிருந்தார்கள். உறிஞ்சி வெளியே தள்ளும் விசிறியைத் தரையோடு வைத்திருந்தார்கள். அது வேறு திரவம். இருந்தாலும் இந்த அறையைப் பார்த்தபோது அண்ணிக்கு, நான்கு பேர் கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்து ஒட்டிக்கொண்டிருப்பதாகத்தான் பட்டது.

இது என்ன தின்னர் என்று மேஸ்திரியிடம் கேட்டாள். அவர் பெருமையாக, மோந்து பாருங்கள், ஒன்றுமே இல்லை, பழையதுதான் ஆளைக் கொல்லும் என்றார். காலிக் கேன் ஒன்று கிடைக்குமா என்று கேட்டாள்.

"எடுத்துக்கோங்க அக்கா. ஆனா அதுல தண்ணி பிடிச்சுக் குடிச்சிடாதீங்க. எவ்வளவு கழுவினாலும் போகாது."

"குடிக்கக் கூடாதுன்னு தெரியுதுல்ல? அப்ப மூக்கு வழியா போறது மட்டும் பரவாயில்லையா?"

மேஸ்திரி சிரித்தார். மற்ற பெண்களும் சிரித்தார்கள். மூலைக்காரி சிரிக்கவில்லை. அண்ணி இரண்டாவது சாப்பாட்டு டப்பாவை அவள் பக்கத்தில் வைத்துவிட்டுக் கேனைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள்.

*

பெரிய ஆஸ்பத்திரியில் நரம்புப் பிரிவில் இருந்த டாக்டர் சின்ன வயதுப் பெண். கடுமையான ஜலதோஷம். தும்மிக்கொண்டே பார்த்தாள். சின்ன ரப்பர் சுத்தியலால் முழங்காலில் தட்டியபோது கால் உதறியது. கணுக்காலில் தட்டியபோது கால் சும்மா இருந்தது. என்ன வேலை என்று கேட்டாள். பை ஒட்டுகிறேன் என்றாள் மூலைக்காரி. அண்ணி கேனை மேசை மேல் வைத்தாள்.

டாக்டர் லேபிளைப் படித்தாள். அடியில் சின்ன எழுத்தில் ஹெக்சேன் என்று இருந்தது. எழுந்து அடுத்த அறைக்குப் போனாள். வரும்போது இன்னும் இரண்டு டாக்டர்கள் கூட வந்தார்கள். மூவரும் கேனைப் பார்த்தார்கள், பிறகு மூலைக்காரியின் கால்களைப் பார்த்தார்கள்.

இதைக் கையோடு கொண்டுவந்தது யார் என்று அவர்களில் மூத்த டாக்டர் கேட்டார். அண்ணி எதிலோ மாட்டிக்கொண்டவள்போல் கையைத் தூக்கினாள். நீங்கள் கொண்டுவராமல் இருந்திருந்தால் நாங்கள் இன்னும் ஆறு மாதம் வேறு எதையாவது தேடிக்கொண்டிருப்போம் என்றார் அவர்.

சின்ன டாக்டர் பொறுமையாக விளக்கினாள். இது பெட்ரோலிலிருந்து பிரித்தெடுப்பது. மூச்சு வழியாகத்தான் அதிகம் போகும், தோல் வழியாகவும் கொஞ்சம் போகும். உடம்பிலேயே நீளமான நரம்பு கால்விரலில் முடிகிறது. செடி நுனியிலிருந்து பட்டுப்போகிற மாதிரி இது அங்கிருந்து தொடங்கும். அப்புறம் கைவிரல். வாசனை கம்மியாக இருப்பதற்கும் கெடுதல் கம்மியாக இருப்பதற்கும் சம்பந்தமே இல்லை. பழைய தின்னரும் நல்லதில்லைதான், ஆனால் அது நாறி நாறி உங்களை ஜன்னல் திறக்க வைத்தது.

மருந்து என்ன என்று வேன்காரன் கேட்டான்.

"அந்த ரூமுக்குப் போகாம இருக்கிறதுதான் மருந்து."

மாத்திரை, ஊசி ஏதாவது என்று இழுத்தான்.

"இருந்தா குடுக்க மாட்டேனா?" டாக்டர் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "ஒண்ணு சொல்றேன், மூணு பேரும் ஞாபகம் வச்சுக்கோங்க. வேலையை நிறுத்தின அப்புறமும் ரெண்டு மூணு மாசம் இது கூடத்தான் செய்யும். இப்ப நடக்கிறாங்க, அப்ப நடக்கவே கஷ்டப்படுவாங்க. என்னைத் திட்டுவீங்க. திட்டிக்கோங்க. ஆனா பயந்துக்கிட்டு வேற எங்கயும் ஓடாதீங்க. ஒரு கட்டத்துல நிக்கும். அப்புறம் திரும்பும். மெதுவா. ஒரு வருஷம்கூட ஆகலாம்."

முழுசாகத் திரும்புமா என்று மூலைக்காரி கேட்டாள். சீக்கிரம் வந்திருக்கிறீர்கள் என்றாள் டாக்டர்.

*

டாக்டர் சொன்னபடியே நடந்தது.

முதல் மாதத்தில் பாதத்தின் முன்பகுதி தொங்கத் தொடங்கியது. கால்விரல் வாசற்படியில் தட்டியது. அதற்காக முழங்காலை உயரத் தூக்கி வைத்தாள். சேற்றில் நடக்கிற கொக்கு மாதிரி இருக்கிறேன் என்று அவளே சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை என்றதும், முன்னாடி செருப்புக்குச் சிரித்தீர்களே, இதற்கு என்ன என்றாள்.

தினமும் அண்ணி கடையிலிருந்து வந்ததும் ஒரு தொட்டியில் வெந்நீர் எடுப்பாள். முழங்கையை விட்டுச் சூடு பார்ப்பாள். மூலைக்காரியின் கால்களை அதில் வைத்து, விரல் இடுக்குகளைப் பிரித்துக் கழுவி, புண் இருக்கிறதா என்று விளக்கருகே தூக்கிப் பார்ப்பாள். துடைத்து எண்ணெய் தடவுவாள். தொடக்கத்தில் மூலைக்காரி கூசினாள். தன்னைவிட மூத்தவள் காலைப் பிடிப்பதாவது. நானே செய்துகொள்கிறேன் என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். உன் கைக்கே சூடு தெரியாது, நீ என்ன செய்துகொள்வாய் என்று அண்ணி கேட்டுவிட்டாள். அது உண்மை.

அப்புறம் கண்ணை மூடச் சொல்வாள். துடைப்பத்திலிருந்து ஒரு குச்சியை உருவிக் கால்விரலைத் தொடுவாள்.

"எந்த விரல்?"

முதல் வாரம் கட்டைவிரலும் சுண்டுவிரலும் தெரிந்தன. மூன்றாம் வாரம் ஒன்றும் தெரியவில்லை. அதன் பிறகு அண்ணி குச்சியை மேலே மேலே நகர்த்தி, எங்கே தொட்டால் தெரிகிறதோ அங்கே பேனாவால் ஒரு கோடு போட்டாள். கோடு புறங்காலில் இருந்தது. கணுக்காலுக்கு ஏறியது. ஏழாவது வாரம் கணுக்காலுக்கு மேல் நான்கு விரற்கடைக்கு வந்துவிட்டது. குளித்தால் அழியும். மறுநாள் புதுக்கோடு இன்னும் கொஞ்சம் மேலே இருக்கும்.

வேன்காரனுக்கு அந்தக் கோட்டைப் பார்க்க முடியவில்லை. வேலைக்குப் போனபோது நடந்தாள், வீட்டில் உட்கார வைத்த பிறகு நடக்க முடியவில்லை. அவனுக்குக் கணக்கு அவ்வளவுதான். வேனில் வரும் ஒரு ஆசிரியை யாரையோ பற்றிச் சொல்லியிருந்தாள். சூடான மணல் ஒத்தடம் கொடுத்தே எத்தனையோ பேரை எழுந்து நடக்கவைத்தவராம்.

"சூடா? இந்தக் காலுக்கா?" என்றாள் அண்ணி. "வெந்தாக்கூட இவளுக்குத் தெரியாதுடா."

"பின்ன என்னக்கா பண்ணச் சொல்ற? தினம் கோடு போட்டுக்கிட்டே இருந்தா சரியாயிடுமா? உனக்கென்ன தெரியும், நீ டாக்டரா?"

"இல்லைதான். ஆனா அந்தப் பொண்ணு முன்கூட்டியே சொல்லிச்சு, கூடும்னு. சொன்ன மாதிரியே கூடுது. ஏமாத்துறவளா இருந்தா நாளைக்கே நல்லாயிடும்னுதானே சொல்லியிருப்பா?"

அவன் வேன் சாவியைக் கையில் எடுத்தான்.

"என்னைக் கேக்காத. அவளைக் கேளு. அவ காலு."

மூலைக்காரி தன் காலில் இருந்த கோட்டைப் பார்த்தாள். அவளுக்கும் பயம்தான். காலையில் எழுந்ததும் போர்வைக்குள்ளே கால் இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்க்கிற நாட்கள் அவை. இன்னும் ஒரு மாதம் பார்ப்போம் என்றாள்.

வேன்காரன் வெளியே போய், ஏற்கனவே கழுவிய வேனை இன்னொரு தடவை கழுவினான். மறுநாள் பழைய வேன் இருக்கையின் இரும்புக் கம்பியை அறுத்துக் கொண்டுவந்து குளியலறைச் சுவரில் பிடிமானம் வைத்துக் கொடுத்தான். வளையாமல், உறுதியாக, அவள் கைக்கு எட்டும் உயரத்தில் இருந்தது. எவ்வளவு உயரம் என்று அவன் அவளைக் கேட்கவே இல்லை.

அந்த மாதத்தில் ஒரு நாள் பட்டறைப் பாட்டுக்காரி ஆரஞ்சுப் பழங்களோடு பார்க்க வந்தாள். தின்னர்தான் காரணம் என்று கேள்விப்பட்டிருந்தும் அவளும் வேன்காரன் சொன்னதைத்தான் சொன்னாள். அங்கே இருந்தவரைக்கும் நன்றாகத்தானே இருந்தாய், நாங்கள் மூன்று பேரும் அதே இடத்தில்தானே இருக்கிறோம், எங்களுக்கு என்ன ஆயிற்று. வந்துவிடு, பேச்சுத்துணைக்காவது இருக்கும். மூலைக்காரிக்கு ஆசையாக இருந்தது. அண்ணி தேநீர் கொண்டுவந்து வைத்தாள். அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கியது. பாட்டுக்காரி டம்ளரை ஐந்து விரல்களாலும் சுற்றிப் பிடித்துக்கொண்டு பேச்சைத் தொடர்ந்தாள்.

அண்ணி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சுடலையா?"

"இல்லையே. ஏன், ஆறிப்போச்சா?"

மூலைக்காரி கையை நீட்டி டம்ளரை வாங்கினாள். தன் கையை அவள் நம்பவில்லை. கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். சுள்ளென்று சுட்டது.

*

மறுநாள் அவள் பட்டறைக்குப் போனாள். வேன்காரன் பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்து அழைத்துப் போனான். அண்ணியும் கூட வந்தாள். மாடிக்குப் பதினாறு படி. தூக்கிக்கொண்டு போகிறேன் என்று அவன் சொன்னான். வேண்டாம், அவர்கள் பார்க்கட்டும் என்றாள். படியில் உட்கார்ந்து, கைகளைப் பின்னால் ஊன்றி, ஒவ்வொரு படியாகப் பின்பக்கமாக ஏறினாள். பாட்டுச் சத்தம் நின்றது. மூன்று பெண்களும் மேலே வந்து நின்று பார்த்தார்கள்.

அறைக்குள் வந்து மூச்சு வாங்கிய பிறகு, விரிப்பில் கிடந்த துடைப்பத்திலிருந்து ஒரு குச்சியை உருவினாள். எல்லாரையும் கண்ணை மூடச் சொன்னாள். அவர்களுக்குக் கிச்சுக்கிச்சு விளையாட்டுபோல இருந்தது. பாட்டுக்காரியின் இடது காலில் ஐந்து விரல்களையும் தொட்டாள். அவள் மூன்றைத் தவறாகச் சொன்னாள். மற்ற இருவரும் ஆளுக்கு ஒன்றைத் தவறவிட்டார்கள். பாட்டுக்காரி தன் காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

மேஸ்திரி மூலையில், பசையும் தின்னரும் கலக்கும் டிரம் பக்கத்தில் இருந்தார். நாள் முழுக்க அவர் இடம் அதுதான். வேலை நேரத்தில் என்ன இது என்று முகத்தைச் சுளித்தார். பிறகு சரி, என்னையும் பாருங்கள், எனக்கு ஒன்றும் இல்லை என்று ஷூவையும் சாக்ஸையும் கழற்றிக் காலை நீட்டினார். கண்ணை மூடினார்.

மூலைக்காரி குச்சியை வைத்தாள். அவர் சும்மா இருந்தார். அழுத்தினாள். குச்சி வில்லாக வளைந்தது.

"சீக்கிரம் தொடும்மா," என்றார் அவர். "வேலை நிக்குது."

இன்னும் தொடவில்லையே என்று அவர் கண்ணைத் திறந்தார். தன் கட்டைவிரலில் வளைந்து நிற்கும் குச்சியைப் பார்த்தார்.

சாக்ஸை எடுத்து மெதுவாகப் போட்டுக்கொண்டார். எழுந்து போய் இரண்டு ஜன்னல்களையும் திறந்தார். சாரல் வந்து தோல் மேல் விழுந்தது. யாரும் அதை நகர்த்தவில்லை. பிறகு அவரே விசிறியைப் போட்டார். டின்களில் இருந்த பசை அவர்கள் கண்ணெதிரே ஆடை கட்டியது.

முதலாளி, விசிறி ஓடினால் பையின் எண்ணிக்கை குறையுமே என்று கேட்டாராம். மேஸ்திரி அவர் முன்னால் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினாராம். இதைப் பாட்டுக்காரி வந்து நடித்துக் காட்டினாள்.

டாக்டர் வேறு தின்னரின் பெயரை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தாள். இதுவும் நல்ல பிள்ளை இல்லை, ஆனால் காலைப் பிடிக்காது என்று சொன்னாள். வெளியே தள்ளும் விசிறியை எங்கே வைப்பது என்று மேஸ்திரி அண்ணியைக் கேட்டார். எலக்ட்ரீஷியன் மேலே வைக்கலாம் என்றான். அண்ணி குனிந்து தரையோடு சுவரில் ஒரு கட்டம் வரைந்து, இங்கே என்றாள். தரையில் இனி யாரும் உட்காரவில்லை, மேசை வந்தது. பன்னிரண்டு துண்டுகளுக்குப் பதில் நான்கு துண்டுகள் மட்டும் பரப்பினார்கள், ஆடை கட்டுவதற்குள் ஒட்டி முடித்தார்கள். டின்னுக்குப் பிரஷ் நுழையும் அளவுக்குத் துளையிட்ட மூடி வந்தது. கை துடைக்கும் துணியை மேஸ்திரி எடுத்து மூடிபோட்ட வாளியில் போட்டார், சோப்பு வாங்கி வைத்தார். எண்ணிக்கை குறைந்தது. பிரிந்து திரும்பி வரும் பைகளும் குறைந்தன.

நான்கு பேரும் மேஸ்திரியும் ஒரே நாளில் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அதே டாக்டர், அதே ஜலதோஷம். உங்களுக்கெல்லாம் சீக்கிரம் சரியாகிவிடும், இவர்தான் உங்களுக்கெல்லாம் முன்னால் கொஞ்சம் அதிக தூரம் போய்விட்டார் என்று மூலைக்காரியைக் காட்டினாள். மேஸ்திரி எல்லாருக்கும் தேநீர் வாங்கப் போனார். டாக்டருக்கும் சேர்த்து ஆறு டம்ளர்களைத் தட்டில் வைத்து, இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, தட்டை மட்டுமே பார்த்தபடி வந்தார்.

*

கோடு ஒன்பது நாள் ஒரே இடத்தில் நின்றது. பத்தாம் நாள் அண்ணி குச்சியை அதே இடத்தில் வைத்துவிட்டு, ஒரு நூல் கீழே இறக்கினாள். தெரிகிறது என்றாள் மூலைக்காரி. நிஜமாகவா என்று அண்ணி கேட்டாள். நிஜமாக. அண்ணி கோட்டைப் போட்டுவிட்டுத் தேதியையும் காலிலேயே எழுதினாள். வேன்காரன் அந்தத் தேதியைப் பார்க்க மட்டும் மூன்று தடவை உள்ளே வந்தான்.

அதன் பிறகு நாட்கள் மெதுவாகப் போயின. வாரத்துக்கு ஒரு விரற்கடை. சில வாரம் அதுவும் இல்லை. தொங்கிய பாதம் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கிக் கொடுத்தது. மூலைக்காரி கம்பியைப் பிடித்து நடந்தாள், சுவரைப் பிடித்து நடந்தாள், ஒரு நாள் எதையும் பிடிக்காமல் வாசல்வரை போய், எப்படித் திரும்புவது என்று தெரியாமல் நின்றுகொண்டு கூப்பிட்டாள்.

அண்ணியிடம் என்ன சொல்வது என்று மூலைக்காரிக்குத் தெரியவில்லை. நன்றி என்ற சொல்லை அந்த வீட்டில் யாரும் யாருக்கும் சொன்னதில்லை. வேன்காரன் பெட்ரோல் போடுகிறவரிடம் சொல்வான், அவ்வளவுதான். அவள் கரண்டிகளை அண்ணி விரும்பிய இடத்தில் வைத்தாள். அடுத்த நாள் அவை பழைய இடத்துக்கே வந்திருந்தன. அண்ணி மூலைக்காரி விரும்பிய இடத்தில் வைத்திருந்தாள். கொஞ்ச நாள் கரண்டிகள் அங்கும் இங்குமாக அலைந்தன. ஒரு நாள் வேன்காரன், இரண்டு பேரும் சேர்ந்து என்னைப் பட்டினி போடப் பார்க்கிறீர்களா, கரண்டி எங்கே என்று கேட்டான்.

ஒரு விடுமுறை நாள் காலை. வெளியே வெயில் சுத்தமாக இருந்தது. அண்ணி தொட்டியைக் கொண்டுவந்து வைத்தாள், முழங்கையால் சூடு பார்த்தாள், மூலைக்காரியின் வலது காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். வழக்கம்போல் பாதத்தில் உள்ளங்கையை வைத்து அழுத்தித் தேய்த்தாள்.

மூலைக்காரி வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டாள்.

அண்ணி பயந்துவிட்டாள். தண்ணீரில் கையை விட்டுப் பார்த்தாள். சூடு இல்லை. புண் இருக்கிறதா என்று காலில் தேடினாள். மூலைக்காரி தலையை ஆட்டினாள். பிறகு காலை மெதுவாகத் திரும்ப நீட்டி, அண்ணியின் கைமேல் தானாகவே வைத்தாள். விரல்களை ஒவ்வொன்றாக அந்த உள்ளங்கையில் பதித்துப் பார்த்தாள்.

"அண்ணி, உங்க கை இப்படி அரம் மாதிரி வெடிச்சுக் கெடக்கே. இத்தனை மாசமும் இந்தக் கையாலயா எனக்குத் தேச்சுவிட்டீங்க?"